வரப்போரத்து ஜீவன்களைப் படம் பிடித்து வையுங்கள்

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது பழமொழி. வயல்வெளியில் இதன் உண்மையை நாள்தோறும் காணலாம்.

அவரைக் கொடியில் அசுவினி அப்பியிருக்கிறது. அதன் நடுவே முதலைக் குட்டியைப் போன்ற கறுத்த புழு ஒன்று ஊர்கிறது. உடலெல்லாம் சிறு முட்கள், ஆங்காங்கே ஆரஞ்சு நிறப் புள்ளிகள். கண்டவுடனே விவசாயிக்குப் பதற்றம். "புதுப் புழு வந்துவிட்டது" என்று மருந்துக் கடைக்கு ஓடுகிறார். மருந்து தெளித்ததும் புழு செத்துவிடுகிறது. ஆனால் பத்து நாள் சென்று பார்த்தால் அசுவினி முன்னிலும் இரட்டிப்பாக இருக்கிறது. செத்துப்போனது அசுவினியைத் தின்று அழிக்கும் பொறிவண்டின் புழு. கூலி வாங்காத வேலைக்காரனைக் காசு கொடுத்துக் கொன்ற கதை இது.

அந்தப் புழுவை ஒரு படம் எடுத்து, வேளாண்மை உதவி அலுவலரிடமோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டியிருந்தால் மருந்துச் செலவும் மிச்சம், பயிரும் மிச்சம். இன்று காமிரா இல்லாத வீடு அநேகமாக இல்லை. சட்டைப் பையில் உள்ள செல்போனிலேயே அது இருக்கிறது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பயன்படும் அந்தக் காமிராவை வரப்புக்கும் கொண்டு போகலாம்.

பட்டணத்து ஓரத்து நிலம்

பெரிய ஊர்களின் ஓரத்தில் சாகுபடி செய்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே ஒரு பக்கம் மனைக்கல் நட்ட பொட்டல், மறுபக்கம் நடவு முடிந்த நெல் வயல். நடுவில் பாதி கட்டி நிறுத்திய வீடுகள், குப்பைமேடு, தூர்ந்துபோன வாய்க்கால். இப்படிப்பட்ட இடத்தில் பிராணிகள் இல்லை என்று நினைப்பது தவறு. காட்டைவிட இங்கேதான் அவற்றை எளிதில் பார்க்க முடியும்.

குப்பைமேட்டை நம்பி எலியும் பெருச்சாளியும் பெருகுகின்றன. எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வருகிறது. கட்டி முடிக்காத மாடியில் கூகை குடியேறுகிறது. மின்கம்பியில் கரிச்சான் என்னும் இரட்டைவால் குருவி உட்கார்ந்திருக்கிறது. டிராக்டர் உழும்போது பின்னாலேயே கொக்குகளும் மைனாக்களும் நடந்து வருகின்றன. பொட்டலில் மயில் மேய்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டணத்து இளைஞர்கள் நீண்ட லென்ஸ் மாட்டிய காமிராவுடன் ஏரிக்கரையில் காத்துக் கிடப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். வேலையற்றவர்கள் என்று சிரிப்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பொழுதுபோக்காகச் செய்வதை விவசாயி செய்தால், அது அவருடைய நிலத்துக்குக் கணக்குப் புத்தகம் ஆகிவிடும்.

மாட்டுத் தோலுக்குள் ஒரு மனிதர்

காட்டுயிர்களைப் படம் பிடிக்கும் கலைக்கு வழி காட்டியவர்களில் இருவர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரில் மலைச்சரிவில் உள்ள சிறிய கிராமத்தில் பிறந்தவர்கள் ரிச்சர்டு கியர்ட்டனும் அவர் தம்பி செர்ரி கியர்ட்டனும். அண்ணன் பிறந்தது 1862-இல், தம்பி 1871-இல். ஆடு மேய்த்த மலைகளிலேயே பறவைக்கூடுகளைப் பார்த்துப் பழகியவர்கள். சிறுவயதில் கூடு தேடி மரமேறி விழுந்ததில் அண்ணனுக்குக் கால் ஊனமாயிற்று.

பிழைப்புக்காக லண்டன் சென்றபின் அவர்கள் சிங்கத்தையும் புலியையும் தேடி அலையவில்லை. மாநகரத்தின் எல்லையை ஒட்டிய வேலிகளையும் வயல்களையும் சுற்றினார்கள். 1892-ஆம் ஆண்டு ஏப்ரலில் லண்டனுக்கு வெளியே போர்ஹாம்வுட் என்னுமிடத்தில், புதரில் இருந்த ஒரு சாதாரணப் பறவையின் கூட்டை முட்டைகளுடன் இருந்தது இருந்தபடியே படம் எடுத்தார்கள். 1895-இல் அந்நாட்டுப் பறவைகளின் கூடுகளைப் பற்றி அவர்கள் வெளியிட்ட நூலில் கையால் வரைந்த சித்திரங்களுக்குப் பதில் நேரில் எடுத்த படங்களே இடம்பெற்றன.

அந்தக் காலத்துக் காமிரா பெரிய மரப்பெட்டி. தூரத்திலிருந்து எடுக்கும் வசதி கிடையாது. ஆள் நெருங்கினால் பறவை பறந்துவிடும். சகோதரர்கள் யோசித்தார்கள். மேய்ச்சல் நிலத்தில் மாடு வந்தால் எந்தப் பறவையும் பயப்படுவதில்லை என்பது அவர்களுக்கு இளமையிலிருந்தே தெரியும். உடனே ஒரு மாட்டுத் தோலை வாங்கி, இலேசான மரச்சட்டத்தின் மேல் போர்த்தி, மாடு நிற்பதுபோலவே செய்தார்கள். உள்ளே ஆளும் காமிராவும். வெளியே பார்க்கச் சிறு துளை. ஒரு நாள் மணிக்கணக்காக உள்ளே குனிந்து நின்ற அண்ணனுக்கு மயக்கம் வந்து, மாடு நாலு காலும் மேலே தெரியும்படி கவிழ்ந்துவிட்டதாம். ஓடி வந்த தம்பி, அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகே அண்ணனைத் தூக்கிவிட்டாராம்.

சிரிப்புக்கு இடமான நிகழ்ச்சிதான். ஆனால் இதில் ஒரு பாடம் உண்டு. பட்டணத்துக்காரர் ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தேடும் அந்த மறைவு, விவசாயிக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. மாட்டோடும் மண்வெட்டியோடும் தினமும் நடமாடும் ஆளைக் கண்டு கொக்கோ கரிச்சானோ பறப்பதில்லை. புதிய ஆள் வந்தால்தான் பறக்கும்.

காக்கையும் அணிலும் போதும்

நம் நாட்டில் இதே வழியில் நின்றவர் மா.கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ.மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 1950-ஆம் ஆண்டு தொடங்கிக் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இரு வாரத்துக்கு ஒருமுறை இயற்கை பற்றி எழுதி வந்தார். 1996 பிப்ரவரியில் காலமாகும் வரை, 46 ஆண்டுகள் அந்தப் பகுதி நிற்கவில்லை. 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

யானைகளையும் காட்டு மாடுகளையும் காட்டுக்குள் சென்று படம் எடுத்தவர்தாம். ஆனால் சென்னையில் வீட்டைச் சுற்றித் திரியும் காக்கை, அணில், பல்லி ஆகியவற்றையும் அதே அக்கறையுடன் கவனித்து எழுதினார். வண்ணப் படங்களை நாடாமல் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார். காமிராவையும் கிடைத்த பாகங்களைக் கொண்டு தாமே பொருத்தி அமைத்துக்கொண்டார். விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் நல்ல படம் வரும் என்று எண்ணுபவர்களுக்கு அவர் வாழ்க்கையே பதில். பொறுமையும், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பழக்கமும்தான் முக்கியம். இவை இரண்டும் விவசாயிக்குப் புதிதல்ல.

யார் நண்பன், யார் பகைவன்?

இனி வயலுக்கு வருவோம். கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று கையில் இருந்தால் எந்தெந்தக் குழப்பங்கள் தீரும் என்பதைப் பார்க்கலாம்.

பொறிவண்டையே எடுத்துக்கொள்வோம். பளபளவென்று, சிவப்பு அல்லது மஞ்சள் முதுகில் கறுப்புப் புள்ளியோ நெளிகோடோ உள்ள வண்டு பெரும்பாலும் நண்பன். வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும். இரண்டுக்கும் உணவு அசுவினிதான். ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடுகிறது.

ஆனால் இதே சாயலில் ஒரு பகைவனும் உண்டு. கத்தரியிலும் பாகலிலும் காணப்படும் எபிலாக்னா வண்டு அது. முதுகில் 12 அல்லது 28 புள்ளிகள் இருக்கும். பளபளப்பு இராது, மெல்லிய ரோமம் படர்ந்து மங்கலாகத் தெரியும். புழு மஞ்சள் நிறம், உடல் முழுவதும் கிளைத்த முட்கள். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் சல்லடைபோல் விட்டுவைக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பளபளப்பும் புள்ளிக் கணக்கும் தெளிவாகிவிடும். நண்பனை விட்டுவிடலாம், பகைவனின் முட்டைக் குவியலையும் புழுக்களையும் கையாலேயே பொறுக்கி அழிக்கலாம்.

மாவுப்பூச்சியிலும் இதே மயக்கம் உண்டு. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற வண்டின் புழு, தானும் வெள்ளை மெழுகு நூல்களைப் போர்த்திக்கொண்டு பெரிய மாவுப்பூச்சி போலவே இருக்கும். வித்தியாசம் நடையில்தான் தெரியும். மாவுப்பூச்சி பெரும்பாலும் அப்பிக்கொண்டு கிடக்கும்; இந்தப் புழு சுறுசுறுப்பாக ஊர்ந்து போகும். அரை நிமிடம் வீடியோ எடுத்தால் போதும், ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

பறவைகளிலும் அப்படியே. சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும் தானியம் தின்கின்றன என்பது மெய்தான். ஆனால் குஞ்சு பொரித்த நாட்களில் அவை குஞ்சுகளுக்கு ஊட்டுவது புழுவும் பூச்சியும். கிணற்றோரத்துத் தூக்கணாங்கூட்டைச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் கவனித்தால், தாய்ப்பறவை அலகில் எதைக் கொண்டுவருகிறது என்பதைப் படமே காட்டிவிடும்.

கரிச்சானைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். பறக்கும் அந்துப்பூச்சியை அந்தரத்திலேயே பிடித்துத் தின்னும் பறவை அது. தன் கூட்டருகே காக்கையோ பருந்தோ வந்தால் துணிந்து துரத்தும். வடநாட்டில் இதற்குக் 'கொத்தவால்' என்றே பெயர். இதற்கு உட்கார உயரமான இடம் வேண்டும். அதனால்தான் ஏக்கருக்கு 20 வீதம் 'டி' வடிவில் குச்சி நட்டுப் பறவை தாங்கி அமைக்கச் சொல்கிறார்கள் வேளாண்மைத் துறையினர். தாங்கி நடுவதற்கு முன் ஒரு படம், நட்டு ஒரு வாரம் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால், எத்தனை பறவைகள் வந்தன என்ற கணக்கு கையில் இருக்கும்.

கூகையின் கணக்கு

கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்ற பயம் இன்னும் போகவில்லை. இருதய வடிவ வெள்ளை முகமும், இரவில் கிறீச்சிடும் குரலும் அந்தப் பயத்தை வளர்த்துவிட்டன. கல்லெறிந்து துரத்துவோர் உண்டு. குஞ்சுகள் உள்ள பொந்தை அடைப்போரும் உண்டு.

கூகை எதைத் தின்கிறது என்பதை அதுவே எழுதி வைத்துவிட்டுப் போகிறது. எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் ரோமத்தையும் உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். பகலில் அது தங்கும் இடத்தின் கீழே, பழைய கோபுரம், பாழடைந்த கட்டடம், வைக்கோல் கொட்டகை போன்றவற்றில், கறுத்த விரல் பருமன் உருண்டைகள் கிடக்கும். அவற்றில் நாலைந்தை எடுத்து வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தால், எலியின் மண்டையோடும் தாடையும் பற்களும் தனித்தனியே வந்துவிடும். வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து ஒரு படம் எடுக்கலாம். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வதும், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் அவசியம்.

மண்டையோடுகளை எண்ணினால் கூகை எத்தனை எலிகளை முடித்திருக்கிறது என்று தெரியும். எலி மூன்று வாரத்தில் குட்டி போடும் பிராணி. குஞ்சு உள்ள காலத்தில் ஒரு ஜோடிக் கூகை இரவெல்லாம் எலி சுமந்துகொண்டே இருக்கும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் நெல் வயல்களிலும் எலியைக் கட்டுப்படுத்துவதற்கென்றே மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். கூகை கெட்ட சகுனம் என்று சொல்லும் பெரியவரிடம் வாதம் செய்வதால் பயனில்லை. எலி மண்டையோட்டுப் படத்தைக் காட்டினால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை. எலிக்கு வைத்த விஷம் எலியோடு நிற்பதில்லை. விஷம் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் கூகையும் சாகும். ஒரு கூகை செத்தால் அதன் பிறகு பெருகும் எலிகளுக்குக் கணக்கே இராது.

தடம் சொல்லும் செய்தி

காலையில் போய்ப் பார்த்தால் பயிர் நாசமாகியிருக்கிறது. யார் வேலை? இங்கும் படம் உதவும்.

நெல் தூர்களைச் சாய்வாகக் கத்தரித்துப் போட்டிருந்தால் அது எலி. அது வரப்போரத்தை விட்டுவிட்டு வயலின் நடுவிலேதான் பெரும்பாலும் வெட்டும். மண்ணை மூக்கால் கிளறிப் பள்ளம் பறித்திருந்தால் காட்டுப்பன்றி. தென்னங்கன்றின் அடியைக் கரண்டியிருந்தால் முள்ளம்பன்றியைச் சந்தேகிக்கலாம். முளைத்து வரும் விதையைக் கொத்தியிருந்தால் மயிலோ வேறு பறவையோ இருக்கும். ஈர மண்ணில் கால் தடம் பதிந்திருந்தால் அதன் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையோ தீப்பெட்டியையோ வைத்துப் படம் எடுக்க வேண்டும். அளவு தெரிந்தால்தான் தடம் யாருடையது என்று பார்ப்பவர் சொல்ல முடியும்.

யானை, காட்டுப்பன்றி போன்றவற்றால் சேதம் நேர்ந்து வனத்துறையிடம் நிவாரணம் கேட்கும்போதும் இத்தகைய படங்கள் பக்கபலமாக நிற்கும். ஆலங்கட்டி மழை, வயலில் நீர் தேங்குதல் முதலியவற்றால் தனிப்பட்ட வயலுக்கு நேரும் சேதத்தைப் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆகையால் தாமதமின்றி அன்றே படம் எடுத்து வைப்பது நல்லது.

படம் எடுக்கும் முறை

1. முதலில் லென்ஸைத் துடைக்க வேண்டும். சேறும் வியர்வையும் பட்ட கையால் செல்போனைத் தொடுவதால் லென்ஸ் மங்கிப்போயிருக்கும். மெல்லிய பருத்தித் துணி போதும்.

2. காலை 6 மணி முதல் 8 மணி வரையும், மாலை நாலரை மணிக்கு மேலும் வெளிச்சம் இதமாக இருக்கும். பறவைகளும் அப்போதுதான் இரை தேடும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் நிழல் கறுத்து, வெளிச்சம் வெளுத்துவிடும்.

3. சூரியன் எடுப்பவரின் முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். சொந்த நிழல் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. பூச்சியோ தவளையோ எதுவாயினும் அதன் கண்மட்டத்துக்குக் குனிந்து எடுத்தால் உறுப்புகள் தெளிவாகத் தெரியும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் முதுகு மட்டுமே விழும்.

5. கை நடுங்கினால் படம் கலங்கும். வண்டிச் சக்கரம், வேலிக் கம்பம், சைக்கிள் சீட்டு எதன்மேலாவது கையை ஊன்றிக்கொள்ளலாம்.

6. தூரத்துப் பறவையைச் செல்போனில் இழுத்துப் பெரிதாக்கினால் படம் பிசிறிவிடும். அது வந்து உட்காரும் கம்பத்தருகே முன்னதாகப் போய் அசையாமல் காத்திருப்பதே மேல்.

7. மிகச் சிறிய பூச்சிக்கு, பூதக்கண்ணாடியை லென்ஸின் முன்னால் பிடித்து எடுத்துப் பார்க்கலாம். நல்ல பலன் கிடைக்கும்.

8. பயிர் நோய், பூச்சி ஆகியவற்றுக்கு எப்போதும் மூன்று படங்கள் தேவை: வயல் முழுதும் ஒன்று, செடி முழுதும் ஒன்று, பாதித்த இலையோ பூச்சியோ கிட்டத்தில் ஒன்று. இலையின் அடிப்பக்கத்தையும் மறக்கலாகாது.

9. செல்போனில் தேதியும் இடம் காட்டும் வசதியும் சரியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படத்தோடு பதிந்த தேதி, இடம் ஆகிய விவரங்கள் போய்விடும். ஆகவே மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

மாதம் ஒரு படம்

பிராணிகளை மட்டுமல்ல, அன்றாடக் காட்சிகளையும் எடுத்து வைப்பது பயன் தரும். நாற்று நடும் பெண்கள், களத்தில் உலரும் கம்பு, ஆடு ஓட்டிப் போகும் சிறுவர்கள், பால்கேனுடன் சைக்கிள், மதகில் வழியும் நீர் எல்லாம் இன்று சாதாரணம். பட்டணம் வளர வளர இவை ஒவ்வொன்றாக மறையும். மறைந்த பிறகு, இப்படி இருந்தது என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பம்ப் செட் கொட்டகை, ஏரி மதகு, ஓர் ஆலமரம் என நகராத அடையாளம் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மாதந்தோறும் ஒரே தேதியில், ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து ஒரு படம். வருஷத்துக்கு 12 படங்கள்தான். மூன்று வருஷம் சேர்ந்தால், ஏரியில் எந்த மாதம் வரை நீர் நின்றது, ஆகாயத்தாமரை எப்போது மூடியது, சீமைக் கருவேலம் எவ்வளவு தூரம் உள்ளே வந்தது, வாய்க்காலில் எந்த மாதம் மண் கொட்டப்பட்டது என்பதெல்லாம் வரிசையாகத் தெரியும். கிராம சபைக் கூட்டத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லும் குறையைவிட, தேதி போட்ட படத்துடன் கொடுக்கும் மனுவுக்கு எடை அதிகம்.

சென்னையின் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் கதை இதற்குச் சான்று. சுற்றுவட்டார ஏரிகளின் மிகைநீர் வந்து தங்கும் தாழ்நிலம் அது. நகரம் பெருகியபோது ஒரு பக்கம் கட்டடங்களும் மறுபக்கம் குப்பைமேடும் அதை நெருக்கின. பயனற்ற பொட்டல் என்றே பலர் எண்ணினார்கள். அங்கே வரும் பூநாரைகளையும், கூழைக்கடாக்களையும், நீலத் தாழைக்கோழிகளையும் பறவை ஆர்வலர்கள் ஆண்டுக்கணக்கில் படம் எடுத்துப் பட்டியலிட்டு வந்தார்கள். வானளாவிய கட்டடங்களின் பின்னணியில் பூநாரைக் கூட்டம் நிற்கும் படங்களைப் பார்த்த பிறகுதான் பலருக்கு அந்த நிலத்தின் அருமை புரிந்தது. 2022-ஆம் ஆண்டு, சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சதுப்பு நிலம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. படம் மட்டுமே இதைச் சாதித்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்பதை ஊரறியச் செய்ததில் படங்களுக்கும் பங்கு உண்டு.

செய்யக் கூடாதவை

படத்துக்காகப் பறவைக்கூட்டின் முன்னுள்ள கிளையை ஒடிக்கக் கூடாது. நிழல் போனால் குஞ்சு வெயிலில் சாகும். காக்கைக்கும் வழி தெரிந்துவிடும். முட்டையையோ குஞ்சையோ கையில் எடுக்கக் கூடாது. தாய்ப்பறவை பதறிக் கத்தினால் உடனே விலகிவிட வேண்டும். பல படப் போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

இரவில் கூகையின் முகத்தில் பளிச்சென்று விளக்கடிக்கக் கூடாது.

பாம்பை நெருங்கிப் படம் எடுக்கவே கூடாது. சாரையை நல்லபாம்பு என்று நினைத்து அடித்துக் கொல்வதும், விரியனைச் சாரை என்று நினைத்துக் கிட்டப் போவதும் இரண்டுமே ஆபத்து. தூரத்திலிருந்து எடுக்க முடிந்தால் எடுக்கலாம்; இல்லையேல் விட்டுவிட வேண்டும். யாரையேனும் கடித்துவிட்டால் படத்துக்காக ஒரு நிமிடம்கூட நிற்கலாகாது; நேரே அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மயில், கூகை, சாரைப்பாம்பு முதலியவற்றைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் படம் எடுப்பதற்கு வனத்துறையின் விதிகள் உண்டு. கேட்டறிந்து செல்ல வேண்டும்.

வேலை செய்யும் ஆட்களைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்பதுதான் மரியாதை. முக்கியமாகப் பெண்களைக் கேளாமல் எடுப்பது தகாது. எடுத்த படத்தை அவர்களுக்குக் காட்டினால் அடுத்த முறை அவர்களே, "அண்ணே, அந்த மரத்துல ஒரு கூடு இருக்குது பாருங்க" என்று கூப்பிட்டுச் சொல்வார்கள்.

பொங்கலுக்குத் தொடங்கலாம்

தமிழ்நாட்டில் 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் இருந்து, கண்ட பறவைகளையும் எண்ணிக்கையையும் குறித்து, 'இ-பேர்ட்' என்னும் செல்போன் செயலியில் பதிவு செய்தால் போதும். வீட்டுக் கொல்லை, களத்துமேடு, குளக்கரை என எந்த இடமானாலும் சரி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இதை எளிதில் செய்துவிடுவார்கள். மாட்டுப்பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டும்போது அதன் முதுகில் வந்து உட்காரும் கரிச்சானிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம்.

படங்களுடன் ஒரு நாற்பது பக்க நோட்டும் இருக்கட்டும். தேதி, இடம், கண்டது, அன்றைய பயிரின் நிலை, மருந்து தெளித்த நாள், மழை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதி வைத்தால் போதும். அடுத்த ஆண்டு இதே பட்டத்தில் அசுவினி வரும்போது நோட்டைப் புரட்டினால், பொறிவண்டு அதற்கு எத்தனை நாள் பின்னால் வந்தது என்று தெரிந்துவிடும். அத்தனை நாள் பொறுத்திருந்தால் மருந்து தேவைதானா என்பதையும் அலுவலரைக் கலந்து முடிவு செய்யலாம்.

அரை ஏக்கர் நிலம் உள்ளவருக்கு ஒரு தெளிப்பு மிச்சம் என்பது சிறிய காரியம் அல்ல. நாளைக் காலையில் மடை திருப்பப் போகும்போது, செல்போன் லென்ஸைத் துடைத்துக்கொண்டு, வரப்போரத்தில் முதலில் கண்ணில் படும் ஜீவனைப் படம் எடுத்துத் தொடங்கலாம்.